கட்சிக்காரர் யார்: அழைத்து வந்தவரா, கையெழுத்திடுபவரா?

உயில்மேசை (இழையைத் தொடங்கியவர்)

உயில், பாகப்பிரிவினை, தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்றை மட்டுமே எடுத்துச் செய்யும் வழக்கறிஞர் நான்; பத்தொன்பது ஆண்டுகளாக இதே மேசை. சென்ற வாரம் நடந்த ஒன்று மனத்தை விட்டு அகலாததால் இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

78 வயது அம்மையார் ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். ஆவணங்களை உறை உறையாகப் பிரித்து, ஒவ்வோர் உறையின் மேலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். இத்தனை ஒழுங்கோடு வருபவர்கள் குறைவு. நான் அம்மையாரைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் மகளே பதில் சொன்னார். தவறாகச் சொல்லவில்லை, பேராசையோடும் சொல்லவில்லை. "அம்மாவுக்குக் காது மந்தம், நான் சொல்லிவிடுகிறேன்" என்றார். அம்மையார் கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்: "அவள் சொல்கிறபடியே எழுதிவிடுங்கள்."

அந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகு, அம்மையாரோடு சிறிது நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது. ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போனார். தனியாக இருந்த இருபது நிமிடத்தில் அம்மையார் சொத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. "அவள் நின்றுகொண்டா இருக்கிறாள், வெளியே உட்கார இடம் இருக்கிறதா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மறுநாள் காலையில் மகளிடமிருந்து செய்தி வந்தது. "ஆறு வருடமாக அம்மாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, உடை மாற்றிவிடுபவள் நான். ஐந்து நிமிடத்தில் என்னைத் திருடியாக்கி வெளியே நிறுத்திவிட்டீர்கள்."

தனியாகக் கேட்டது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஆறு வருட உழைப்புக்கு நான் கொடுத்த முதல் மரியாதை கதவைச் சாத்தியதுதான் என்பதும் உண்மை. இதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

பழைய பதிவேடு

கேட்டது சரி, கேட்ட நேரம்தான் பிழை. அறைக்குள் வைத்து "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று சொன்னால், எப்படிச் சொன்னாலும் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். நேரம் குறிக்கத் தொலைபேசியில் அழைக்கும்போதே, "முதலில் எல்லோரோடும் பேசுவேன், நடுவில் கையெழுத்திடுபவரோடு மட்டும் பேசுவேன், கடைசியில் மறுபடி எல்லோரோடும் பேசுவேன், என் சொந்தத் தகப்பனார் வந்தாலும் இதுதான் முறை" என்று சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்த விதி யாரையும் புண்படுத்துவதில்லை. அந்தத் தனி நேரம் மகளுக்கே பாதுகாப்பு என்பதையும் சொல்ல வேண்டும்: நாளை வேறொரு பிள்ளை வந்து "இவள் மிரட்டிக் கையெழுத்து வாங்கினாள்" என்று வழக்குப் போட்டால், அன்றைய தேதியிட்டு நீங்கள் எழுதி வைத்த குறிப்பைத் தவிர அந்தப் பெண்ணுக்குத் துணை நிற்க வேறு எதுவும் இருக்காது.

நம் தொழிலில் ஒரு வரி உண்டு. "நல்ல நினைவோடும் சுயபுத்தியோடும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல், மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம்." தட்டச்சு செய்பவரின் விரல்கள் கேட்காமலே அதை அடித்து முடித்துவிடும். அந்த வரி உண்மைதான் என்று எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதற்கு நம் கோப்பில் விடை இருக்கிறதா என்று பார்த்தால், பெரும்பாலும் இருக்காது.

நினைவாற்றல் குறைந்தவர் என்றதும் அஞ்சிப் பின்வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1870-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்கில், உயில் எழுதியவர் தம்மைப் பேய்கள் துரத்துவதாகவும் இறந்துபோன ஒருவர் தம்மை வதைப்பதாகவும் நம்பியவர். அப்படியிருந்தும் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். தாம் செய்வது இன்னதென்றும், தம்மிடம் ஏறக்குறைய என்னென்ன இருக்கிறதென்றும், தம்மிடம் உரிமை எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய மனமயக்கம் சொத்தைப் பிரித்ததில் தலையிடவில்லை. நோய் என்பது ஒன்று, திறனின்மை என்பது வேறொன்று. பிறகு 1975-இல், முதியவர் அல்லது கடும் நோயாளி உயில் எழுதினால் மருத்துவர் ஒருவர் பரிசோதித்துச் சாட்சியாக நிற்பது நல்லது என்று அதே நாட்டு நீதிபதி ஒருவர் சொன்னதைப் 'பொன் விதி' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள். செலவு பிடிக்கும் விதிதான். பின்னால் வரும் வழக்கைவிட மலிவு.

---

இரவுவிளக்கு

நான் வழக்கறிஞர் அல்லள். அந்த மகள் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்; என் தந்தையாரை ஒன்பது ஆண்டுகள் பார்த்துக்கொண்டேன். வெளியே அனுப்பியது மட்டுமே அவரைப் புண்படுத்தியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் போன அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். எந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் உண்டா, கணக்குகளுக்கு நாமினி யார் என்றெல்லாம் கேட்டார்கள். இரவில் அப்பா எழுந்தால் யார் எழுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் இறந்த பிறகு நடக்க வேண்டியது பத்துப் பக்கம் இருந்தது. இறப்பதற்கு முன் அவர் வாழப்போகும் ஆண்டுகளுக்கு ஒரு பத்தியும் இல்லை. மரணத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு முதுமையை என் தலையில் விட்டுவிட்டார்கள் என்றே அன்று எனக்குப் பட்டது.

பின்னால் முதியோர் பிரிவுச் செவிலியர் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்தார். 1963-இல் சிட்னி கேட்ஸ் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும் வெளியிட்ட அளவுகோல் அது: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து அமர்தல், சிறுநீர் மலத்தை அடக்கும் ஆற்றல், உண்ணுதல் என்று ஆறே ஆறு வரிகள். 1969-இல் லாட்டனும் பிராடியும் சேர்த்த இன்னொரு பட்டியலில் எட்டு உண்டு; தொலைபேசியைப் பயன்படுத்துவது, மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது முதலியவை அதில் வரும். அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே இன்று யார் செய்கிறார்கள், நாளை யார் செய்வார்கள் என்று எழுதினேன். பதினான்கு வரியிலும் என் பெயரே வந்தது. பார்த்ததும் அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

அந்த மகளிடம் முதல் கேள்வியாக "ஒரு நாள் எப்படிப் போகிறது?" என்று கேட்டுவிட்டு, பதிலை அவர் கண் முன்னால் எழுதிக்கொண்டு, அதன் பிறகு வெளியே இருக்கச் சொல்லியிருந்தால், அவர் போயிருப்பார்.

---

ஏழாவது வார்டு

ஓய்வு பெற்ற செவிலியர் நான். காது மந்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

காது கேளாதவரை மறதிக்காரர் என்று எண்ணிவிடுவது மருத்துவமனையிலேயே தினமும் நடக்கிறது. கருவியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார், அல்லது மின்கலம் தீர்ந்திருக்கும். சன்னலுக்கு முதுகு காட்டி நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் முகம் அவருக்கு நிழலாகத்தான் தெரியும். உதட்டசைவைப் பார்த்து அவர் புரிந்துகொள்ளும் வாய்ப்பும் போய்விடும். கேள்வி சரியாகக் கேட்காதபோது பெரியவர்கள் "என்ன சொன்னீர்கள்?" என்று மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு, தலையை ஆட்டிவிடுவார்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள், அதற்கு எல்லோரும் ஆம் என்றே சொல்வார்கள். "நாம் இப்போது என்ன எழுதப் போகிறோம் என்று உங்கள் வாயால் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த அமைதி ஒரு நிமிடம்கூட நீளும். இடையில் புகுந்து உதவாதீர்கள்.

மறதி நோய் உள்ளவர்கள் பலர் காலையில் தெளிவாகவும் அந்தி சாயும்போது குழப்பமாகவும் இருப்பார்கள். வீட்டார் வசதிக்கு மாலை ஐந்து மணி என்று நேரம் கொடுத்துவிட்டு, "இவருக்குத் திறன் இல்லை" என்று முடிவு கட்டுவது அநியாயம். நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று உளறினால், சிறுநீர்த் தொற்றோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ, உடலில் நீர் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, கையெழுத்தைச் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள். 1975-இல் வந்த முப்பது மதிப்பெண் மனநிலைச் சோதனையைக் காட்டி, "இவ்வளவு மதிப்பெண், ஆகவே கையெழுத்திடலாம்" என்று எழுதித் தரச் சொல்லி மருத்துவரிடம் கேட்பவர்களும் உண்டு. அந்தச் சோதனை இன்று என்ன கிழமை என்று கேட்கும். எந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்காது. கிழமை தெரியாத ஒருவருக்குத் தம் பிள்ளைகளைப் பற்றி நன்றாகவே தெரிந்திருக்கலாம்.

---

கறார் கணக்கர்

எல்லாம் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் வழக்கறிஞர் வழக்கறிஞராகவே இருக்கட்டும். இரவில் யார் எழுகிறார்கள் என்று கேட்பது அவர் வேலையன்று; கேட்டால் அதற்கும் கட்டணம் ஓடும். ஆவணம் பிழையில்லாமல் இருந்தால் அதுவே பெரிய கருணை.

---

உயில்மேசை

கறார் கணக்கரின் கருத்தைத்தான் நானும் பத்து ஆண்டுகள் வைத்திருந்தேன். அதை நான் கைவிட்ட கதையைச் சொல்கிறேன், பிழை என்னுடையது.

பெரியவர் ஒருவர் மூன்று பிள்ளைகளுக்கும் சரிசமமாக எழுதச் சொன்னார். சமம் என்றால் நியாயம் என்று நானும் எழுதிக் கொடுத்தேன். ஆவணத்தில் ஒரு புள்ளி பிழையில்லை. நடு மகன் வேலையை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தங்கித் தந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்பது எனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் கேட்கவில்லை. "வீடு உனக்குத்தான்" என்று பெரியவர் அவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். இந்த வாக்கியம் எத்தனையோ வீடுகளில் நம்பிக்கையோடு சொல்லப்படுகிறது, எழுதப்படுவது அரிது. பெரியவர் காலமான பிறகு மற்ற இருவரும் வீட்டை விற்றுப் பங்கு கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் கேட்டது சரி. நடு மகன் என் அலுவலகத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, "அப்பா சொன்னது உங்களிடம் எங்கேயாவது எழுதியிருக்கிறதா சார்?" என்று கேட்டார். ஐம்பத்தாறு வயது, சம்பளம் இல்லை, இருக்க இடமும் இல்லை. கோப்பைப் புரட்டிப் பார்க்கிறவன்போல நான் புரட்டினேன். அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

அந்தப் பெரியவர் நெஞ்சில் ஈரம் இல்லாதவர் அல்லர். யாராவது கேட்டிருந்தால், நடு மகனுக்கு வாழ்நாள் குடியிருப்பு உரிமையோ, கூடுதல் பங்கோ, உயிரோடு இருக்கும்போதே எழுத்து வடிவில் ஒரு பராமரிப்பு உடன்படிக்கையோ கொடுத்திருப்பார். இன்னின்ன வேலைக்கு மாதம் இவ்வளவு என்று எழுதி, மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிவித்து, வங்கி வழியாகக் கொடுத்துவந்தால், பின்னால் அது "அப்பாவை ஏமாற்றி வாங்கிய பணம்" என்று பேச்சாகாது. தாயைப் பார்த்துக்கொள்ளக் கூலியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அப்படிச் சுளிப்பவர்கள் பெரும்பாலும் பார்த்துக்கொள்ளாதவர்கள் என்பது என் அனுபவம்.

ஆகவே இரவில் யார் எழுகிறார்கள் என்பது என் வேலைதான். அது தெரியாமல் நான் எழுதும் உயில் தவறான உயில்.

---

கறார் கணக்கர்

சரி, அந்த நடு மகனுக்காக ஒரு படி இறங்கி வருகிறேன். எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து, அதாவது பணத்தின் பக்கத்திலிருந்து, நானும் சொல்கிறேன்.

சொத்து நிறைய, கையில் பணம் இல்லை; முதியவர்கள் வீட்டில் நான் அடிக்கடி காண்பது இதுதான். நிலம் இருக்கும், வீடு இருக்கும். இரவுப் பணியாளருக்குக் கொடுக்கப் பணம் இராது. விற்கலாம் என்றால், விற்பதற்குக் கையெழுத்திட வேண்டியவருக்கு நினைவு தப்பியிருக்கும். மகன் கையில் ஓர் அதிகாரப் பத்திரம் இருக்கும், அது போதும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அது முடிந்துவிடும் என்பதைப் பலரும் அறிவார்கள். அவர் திறன் இழந்தாலே சாதாரண அதிகாரப் பத்திரம் பல நாட்டுச் சட்டங்களில் செயலற்றுப் போகும் என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை. எந்த நாளுக்காக எழுதி வைத்தார்களோ, அந்த நாளிலேயே அது வெறும் தாளாகிவிடும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் 1954-இல் திறன் இழந்த பிறகும் நீடிக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் 1985-இல் ஒரு சட்டமும், பிறகு 2005-இல் இயற்றி 2007-இல் நடைமுறைக்கு வந்த மனத்திறன் சட்டமும் அதைச் செய்தன. அத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில் நீதிமன்றத்துக்குப் போய்க் காப்பாளர் நியமனம் வாங்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

இன்னொன்று கூட்டுக் கணக்கு. "வசதிக்காக" ஒரு பிள்ளையின் பெயரைக் கணக்கில் சேர்ப்பார்கள். அது வசதிக்கா, பரிசாகவா என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். எழுதாததால் உடன்பிறந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொள்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மருந்துச் சீட்டு, வாகனச் செலவு, பணியாளர் சம்பளம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாளை யாராவது விரலை நீட்டினால் நோட்டை நீட்டலாம்.

---

தொலைவில் இருப்பவன்

நான் அந்த 'மற்ற இருவரில்' ஒருவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயாரிடமிருந்து விமானப் பயணத் தொலைவில் இருக்கிறேன். வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்து, "ஏன் இந்த மருத்துவர், ஏன் அந்த மருந்து?" என்று தங்கையைக் குடைந்துகொண்டிருந்தேன். குற்ற உணர்ச்சியை அதிகாரமாக மாற்றிக்கொண்டேன் என்று இப்போது புரிகிறது. எங்கள் வழக்கறிஞர் தாயாரின் சம்மதத்தோடு எனக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். அதில் சொத்து விவரம் எதுவும் இல்லை. தங்கை செய்யும் வேலைகள் வரிசையாக இருந்தன, கடைசியில் "இவற்றில் தாங்கள் ஏற்கக்கூடியவை யாவை?" என்று ஒரு கேள்வி இருந்தது. மாதக் கணக்குகளையும் காப்பீட்டுத் தாள்களையும் நான் எடுத்துக்கொண்டேன். அவை தொலைவிலிருந்தே செய்யக்கூடியவை. ஆண்டுக்கு இரண்டு முறை நான் போய்த் தங்கும் நாள்களில் தங்கை வெளியூர் போய்விட வேண்டும் என்பதும் எழுதப்பட்டது. முதல் முறை அவள் போகவில்லை, பக்கத்து அறையிலேயே படுத்து மூன்று நாள் தூங்கினாள்.

---

ஊன்றுகோல்

பழைய பதிவேடு அவர்களுடைய 'நடுவில் தனியாக' என்ற விதியோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. மாற்றுத்திறனாளிகளோடு பணியாற்றுபவன் நான். பக்கவாதத்தில் பேச்சுக் குழறியவர் சொல்வது, பல ஆண்டுகள் உடன் இருந்த மகளுக்கு மட்டுமே விளங்கும். அவரை வெளியே அனுப்பிவிட்டால், தாயின் வாயையும் சேர்த்து வெளியே அனுப்பியதாகிவிடும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. அதன் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் தம் உரிமையைச் செலுத்தத் தேவையான துணை அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. தனிமையே சுதந்திரம் என்று கொள்ளாமல், ஆவணத்தில் பயன் எதுவும் பெறாத, அவருக்குப் பழகிய மூன்றாம் ஆள் ஒருவரை அந்த நேரத்துக்கு உடன் வைக்கலாமே? பேச்சுப் பயிற்சியாளர், பழைய தோழி, பட அட்டை என எத்தனையோ வழிகள் உண்டு.

---

பழைய பதிவேடு

ஊன்றுகோல் சொல்வதை ஏற்கிறேன். என் விதியில் 'பயன் பெறுபவர் இல்லாமல்' என்று திருத்திக்கொள்கிறேன். முன்பே குறிப்பிட்ட மனத்திறன் சட்டத்திலும் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு: ஒருவர் எடுக்கும் முடிவு விவேகமற்றதாக இருக்கிறது என்பதாலேயே அவரை முடிவெடுக்கும் திறன் அற்றவர் என்று கருதக்கூடாது. பிள்ளைகளுக்குப் பிடிக்காத முடிவை எடுக்கும் உரிமையும் பெற்றோருக்கு உண்டு.

தாம் பேச முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. 1969-இல் லூயிஸ் கட்னர் என்ற அமெரிக்க வழக்கறிஞர்தான் உயிரோடு இருக்கும்போதே நடைமுறைக்கு வரும் உயில் என்ற யோசனையை எழுதினார். 1976-இல் கலிபோர்னியா அதற்குச் சட்டம் இயற்றியது. 1983-இல் விபத்துக்குள்ளாகி நினைவு திரும்பாமல் கிடந்த நான்சி குரூசன் என்ற இளம்பெண்ணுக்குக் குழாய் வழி உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரிப் பெற்றோர் தொடுத்த வழக்கு 1990-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் எதை விரும்பியிருப்பார் என்பதற்குத் தெளிவான, ஐயமகற்றும் சான்று வேண்டும் என்று மாநிலம் கேட்கலாம் என்றது நீதிமன்றம். இருபத்தைந்து வயதில் யார் எழுதி வைப்பார்கள்? பெற்றோர் பிறகு அவரோடு பணியாற்றியவர்களின் நினைவுகளைத் திரட்டிக்கொண்டு மறுபடி கீழ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

ஆனால் எல்லா நிலையையும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. ஆகவே அவருக்காகப் பேசப்போகும் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் நேரம் செலவிடுகிறேன். "உங்கள் பிள்ளைகளில் உங்களை அதிகம் நேசிப்பவர் யார்?" என்று கேட்டால் தவறான விடை கிடைக்கும், மிகுதியாக நேசிப்பவருக்குச் சில நேரம் உங்களைப் போகவிடவே மனம் வராது. "நள்ளிரவில் மருத்துவர் எழுப்பிக் கேட்டால், தம் விருப்பத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் விருப்பத்தைச் சொல்லக்கூடியவர் யார்?" என்று கேளுங்கள். அந்த ஆளையும் கூப்பிட்டு, சுமக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கும் உண்டு. தாளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டாதீர்கள். நள்ளிரவில் வங்கி திறக்காது.

---

இரவுவிளக்கு

இன்னும் ஒன்றை யாரும் தொடவில்லை. பார்த்துக்கொள்பவர் முதலில் விழுந்தால்?

நான்காம் ஆண்டில் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஒன்பது நாள் நான் வீட்டில் இல்லை. அப்பாவுக்கு எந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும், எதைப் பொடிக்கவே கூடாது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் என் தலையில் இருந்தது. ஆவணம் முழுவதிலும் 'மகள்' என்று எழுதியிருந்தார்கள். மகளுக்கு மாற்று யார் என்று எழுதவில்லை. உயிலைச் செயல்படுத்தும் நிறைவேற்றுநர் இறந்தால் மாற்று நிறைவேற்றுநர் என்று எழுதுகிறீர்கள் அல்லவா, பராமரிப்பவருக்கும் அப்படி ஒருவரை எழுதுங்கள். திரும்பி வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு நாள் முழுவதையும் மணி வாரியாக எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியது.

பார்த்துக்கொள்பவரின் நிலையைக் கேட்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் இருந்தவர்களும் 1980-இல் உருவாக்கியது. இன்று பரவலாகப் பயன்படும் வடிவில் 22 கேள்விகள். அவற்றில் ஒன்று, உங்களுக்கென்று நேரமே இல்லாமல் போய்விட்டதாக உணர்கிறீர்களா என்று கேட்கிறது. அந்த வரியைப் படித்தபோதுதான், அதுவரை எவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை என்று தெரிந்தது. மறதி நோயில் ஆள் எதிரே இருக்கும்போதே இழப்பு தொடங்கிவிடுகிறது. பாலின் பாஸ் என்ற ஆய்வாளர் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறார். ஆவணத்தைப் படித்துக் காட்டும்போது மகள் அழுதால், பங்கு குறைந்ததற்காக அழுகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள்.

---

உயில்மேசை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். இருவரிடமும் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன்.

மகளை அழைத்து, நான் நடந்துகொண்ட முறைக்கு வருத்தம் தெரிவித்தேன். தனியாகக் கேட்டதற்கு அன்று, உங்கள் ஆறு வருடத்தைக் கேட்காமல் விட்டதற்கு என்றேன். மறுமுனையில் நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு, "எந்தக் கிழமை வரலாம்?" என்றார்.

காலை பத்து மணிக்கு வந்தார்கள். காதுக் கருவிக்குப் புதிய மின்கலம் போட்டிருந்தார்கள். நான் நாற்காலியைச் சன்னலுக்கு எதிரே மாற்றிப் போட்டிருந்தேன். முதல் முக்கால் மணி நேரம் மகளின் நாளைக் கேட்டு எழுதினேன். இரவுவிளக்கு சொன்ன பதினான்கு வரியில் பதின்மூன்றில் அவர் பெயர். உண்ணுவதை மட்டும் அம்மையார் தாமே செய்கிறார். எழுதியதைப் படித்துக் காட்டியபோது அம்மையார், "மூன்று மணிக்கு எழுவதை விட்டுவிட்டாய்" என்று மகளைத் திருத்தினார். பிறகு மகள், நான் சொல்வதற்கு முன்பே, எழுந்து வெளியே போனார்.

கதவு மூடியதும் அம்மையார் பேசத் தொடங்கினார். வீட்டைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. மகள் தம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுக்கிறாள், முதுகு போய்விட்டது, இரவுக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னால் காசு வீண் என்கிறாள், அந்தக் காலி மனையை விற்று ஆள் வைக்க வேண்டும், இதை நான் சொன்னதாகச் சொன்னால் அழுவாள், நீங்கள் சட்டம் என்று சொல்லுங்கள் என்றார். சட்டம் என்று பொய் சொல்ல முடியாது, உங்கள் விருப்பம் என்றே எழுதுகிறேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

மனை விற்பனைக்கும் இரவுப் பணியாளருக்கும் தனியே ஓர் உடன்படிக்கை தயாராகிறது. அதிகாரப் பத்திரம், மருத்துவ விருப்ப ஆவணம் இரண்டிலும் மகளுக்கு மாற்றாகத் தங்கை மகளின் பெயரை அம்மையாரே சொன்னார். மருத்துவரும் பார்த்துவிட்டார். மகனோடு இன்னும் பேசவில்லை. அது சுலபமாக இருக்கப்போவதில்லை என்று இருவருமே எச்சரித்திருக்கிறார்கள்.

உயிலின் வரைவை உரக்கப் படித்தேன். "எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமல்" என்ற இடம் வந்ததும் அம்மையார் கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"ஆமாம், அது இருக்கட்டும்" என்றார்.